அமுதவல்லியின் மண்டைக்கனம்

ஜமுனாமரத்தூரில் அமுதவல்லியின் வண்ண மீன் கடைக்குள் நுழைந்து, ‘ஒரிஜினல் ஃபிளவர்ஹார்ன் இருக்குதா’ என்று ஒருவர் கேட்டுவிட்டால், அன்றைக்கு அவர் யார் முகத்தில் விழித்தாரோ என்றுதான் நினைக்க வேண்டும். கையில் இருக்கும் வலையைக் கீழே வைப்பாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். “ஒரிஜினல்னா இன்னா சார்?” என்று ரொம்ப மரியாதையாகக் கேட்பாள். அந்த மரியாதைக்குத்தான் பயப்பட வேண்டும்.

“அதாம்மா, கலப்பு இல்லாம, நல்ல சாதி மீனா…” என்று வந்தவர் இழுப்பார்.

“கலப்பு இல்லாத ஃபிளவர்ஹார்ன் வேணும்னா, மொளகா போடாத மொளகாத்தூள் எங்கனா விக்குதான்னு கேளுங்க. அது கெடைச்ச எடத்துல இதுவும் கெடைக்கும்.”

வந்தவர் சிரித்துவிட்டால் பிழைத்தார். முறைத்தால், அரைமணி நேரம் பாடம் கேட்டுவிட்டுத்தான் வெளியே போக முடியும். இந்த மீன் எந்த ஆற்றிலும் பிறந்ததில்லை, எந்தக் குளத்திலும் வளர்ந்ததில்லை, முப்பது வருஷத்துக்கு முன்னால் மலேசியாக்காரர்கள் அமெரிக்காவின் ஆற்று மீன்களைத் தொட்டியில் விட்டுக் கலந்து கலந்து உண்டாக்கினது, இதன் அழகே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பாள். நம் ஜனங்களுக்கு நாய் வாங்கினாலும் சாதி நாய் வேண்டும், மாடு வாங்கினாலும் சாதி மாடு வேண்டும். அந்த வாயோடேயே மீன் கடைக்கும் வந்துவிடுகிறார்கள். அமுதவல்லிக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. மலைமேல் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவள் பிறந்தது கீழே, கண்ணமங்கலத்தை ஒட்டின ஒரு கிராமத்தில். அப்பாவுக்கு மண்டி. மலையிலிருந்து வரும் புளி, சாமை, தேன், கடுக்காய் எல்லாம் அங்கேதான் இறங்கும். பன்னிரண்டாவது முடித்த பெண்ணைத் தராசுப் பக்கம் உட்கார வைத்தார்கள். அவளுடைய அண்ணன் சிங்காரம் மூட்டையை ஏற்றும்போது தட்டின்மேல் ஒரு விரலும் சேர்ந்து ஏறும். அமுதவல்லி அந்த விரலைத் தட்டிவிட்டு எடை சொல்வாள். புளி மூட்டையோடு வந்து நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த மலைக்காரர் ஒருவர் பெயர் தீர்த்தகிரி. மற்றதெல்லாம் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆனி மாதத்துப் புதன்கிழமை இரண்டு பேரும் மலை பஸ் ஏறிவிட்டார்கள்.

சிங்காரம் ஊர் பார்க்கப் பம்புசெட்டில் நின்று தலைமுழுகினார். தங்கை செத்துவிட்டாள் என்று அர்த்தம். “மலைக்காரனுக்குப் பொண்ணு குடுக்கற வூடு இல்ல இது. மண்டைக்கனம் புடிச்சவ, போய்ட்டா” என்று எல்லாருக்கும் சொன்னாராம். அப்பா செத்ததும் அம்மா செத்ததும் அவளுக்குக் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. மகள் கீதாஞ்சலிக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இல்லை. கோயிலில் நாலு பேர் நாலு யோசனை சொன்னார்கள். வேறு யாரையாவது மாமனாக உட்கார வைக்கலாம் என்றார்கள். அமுதவல்லி யாருக்கும் காது கொடுக்காமல், சப்பணம் போட்டு உட்கார்ந்து, தன் மடியிலேயே பிள்ளையை வைத்துக்கொண்டு ஆசாரியைப் பார்த்து, “குத்துங்க” என்றாள்.

வீம்புதான். ஆனால் வீம்புக்குள்ளே ஒரு ஆசை இருந்தது, அதை மறைத்து என்ன செய்ய. சொத்தும் வேண்டாம், சீரும் வேண்டாம். தன் பிறந்த வீட்டு ஆள் ஒருவர் தீர்த்தகிரியைப் பார்த்து ‘மச்சான்’ என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அதைக் காதால் கேட்க வேண்டும். இருபத்தோரு வருஷமாக அவள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்கு.

மீன் அவளிடம் வந்தது தற்செயல். இங்கே வேலைக்கு வந்திருந்த பேங்க் அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, கண்ணாடித் தொட்டியை மலைப்பாதை வளைவுகளில் கொண்டுபோக முடியாது என்று, வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அமுதவல்லியிடம் விட்டுவிட்டுப் போனார். தொட்டிக்குள் ஒரே ஒரு மீன். தலையில் ஒரு பெரிய புடைப்பு, உடம்பெல்லாம் முத்து இறைத்த மாதிரிப் புள்ளிகள், பக்கவாட்டில் கறுப்பாக ஒரு வரி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் விரலை வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அது பாய்ந்து வந்து இடித்தது. அவள் விரலை எடுக்கவில்லை. அதுவும் விலகவில்லை. “ஆளு நம்மளாட்டமே கீறான்” என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

கூட வேறு மீன் ஒன்று வாங்கி விட்டாள், பேச்சுத் துணைக்கு. காலையில் துணையின் வால் மட்டும் மிதந்தது. இது தனியாக இருக்கிற சாதி, இல்லை, தனியாக இருக்கிற குணம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். மீதியை ஃபோனில் பார்த்துக் கற்றாள். அப்போது மலைமேல் டவர் கிடைக்காது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலா மரத்தடியில் மட்டும் இரண்டு கோடு வரும். அங்கே நின்றுகொண்டு மழையிலும் வெயிலிலும் மீன் வீடியோ பார்த்த ஒரே பெண்பிள்ளை அவள்தான். பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டாள்.

பிறகு பட்டுப் பட்டுத்தான் கண் வந்தது. முதல் தடவை வேலூர்ப் பக்கம் போய், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள், செக்கச்செவேல் என்று இருந்தவை, முப்பது வாங்கி வந்தாள். மூன்று மாதத்தில் அத்தனையும் சாம்பல் நிறமாகிவிட்டன. மருந்து கலந்த தீனியால் ஏற்றின சிவப்பு அது. அன்றிலிருந்து குஞ்சில் நிறம் பார்ப்பதில்லை. மண்ணு நிறத்தில், அழுக்காக, யாரும் திரும்பிப் பார்க்காத குஞ்சாகத்தான் பொறுக்குவாள். கண்ணைச் சுற்றி வளையம் முழுசாக இருக்கிறதா, கீழ்த்தாடை துருத்துகிறதா, முதுகு நேராக இருக்கிறதா என்று பார்ப்பாள். தொட்டிக்குமேல் எட்டிப் பார்ப்பாள். மேலே இருந்து பார்த்தால்தான் மண்டை ஒரு பக்கம் சரிந்திருப்பது தெரியும். முன்னால் இருந்து மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் அங்கேதான் ஏமாறுவார்கள்.

அந்தப் புடைப்பைக் கீழே இருந்து வருகிற பிள்ளைகள் ‘கொக்’ என்பார்கள், ‘ஹெட்’ என்பார்கள். அமுதவல்லிக்கு அது மண்டைக்கனம்தான். “இதுக்கு மண்டைக்கனம் நல்லா ஏறிக்கீது பாருங்க” என்பாள். தன்னைத் திட்டின வார்த்தையை எடுத்து மீன் தலையில் வைத்துவிட்டாள். டார்ச்சை மண்டைக்குப் பின்னால் பிடிப்பாள். வெளிச்சம் ஊடுருவினால் நீர் மண்டை, ஊடுருவாவிட்டால் சதை மண்டை. அப்புறம் முத்து எதுவரை ஏறியிருக்கிறது, வால் விசிறியாக விரிகிறதா என்றெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் கையைத் தண்ணீருக்குள் விடுவாள். மற்ற கடைகளில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டி, சண்டைக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள். இவள் கையை விடுவாள். பாய்ந்து வந்து கடிக்க வேண்டும். ஓடி மூலையில் ஒண்டினால், எத்தனை அழகாக இருந்தாலும் அதை நல்ல மீன் என்று சொல்ல மாட்டாள். அவள் வலது கையைப் பாருங்கள், விரல் முட்டியெல்லாம் தழும்பு.

சும்மா சொல்லக்கூடாது, அவளும் தவறியிருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியர் தனசேகரனுக்கு ஒரு மீனை ஆண் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தாள். அவரும் ‘ராஜா’ என்று பெயர் வைத்து ஊரெல்லாம் படம் காட்டினார். நாலாம் மாதம் காலையில் கடைக்கு வந்து, “அமுதக்கா, உங்க ராஜா முட்டை போட்டிருக்கான்” என்றார். அவள் ஒரு வாரம் தலை நிமிரவில்லை. வேறு மீன் கொடுத்துவிட்டு, ராஜாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இன்றைக்குக் கடையில் இருக்கிற பாதி மீனுக்கு அந்த ராஜாதான் அம்மா.

அவள் பார்ப்பவள். பிழைக்க வைப்பவர் தீர்த்தகிரி. மலைக் குளிர் இந்த மீனுக்கு ஆகாது. மார்கழியில் கரண்ட் போய்விட்டால் ஹீட்டர் நின்றுபோகும். அப்போது அவர் விறகடுப்பில் வெந்நீர் வைத்து, குளிர்பான பாட்டில்களில் ஊற்றி மூடி, தொட்டிக்கு இரண்டாக மிதக்க விடுவார். ஆறினதை எடுப்பார், சூடானதைப் போடுவார். கம்பளியைத் தொட்டிகளுக்குப் போர்த்திவிட்டுத் தான் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொள்வார். இங்கத்தித் தண்ணீர் மெத்தென்று இருக்கிறது, மீனுக்குக் காரத் தண்ணீர் வேண்டும் என்று கிளிஞ்சலும் கல்லுப்பும் போட்டுச் சரி பண்ணத் தெரிந்துகொண்டதும் அவர்தான். வயிறு கெட்ட மீனை எடுத்துத் தனித் தொட்டியில் விட்டு, பட்டினி போட்டு, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். செத்துப்போகும் என்று அமுதவல்லியே கைகழுவின மீன்கள் அவர் கையில் எழுந்து நீந்தியிருக்கின்றன. கீழே ஆரணி, வேலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். ‘மலைமேல ஒரு அம்மா பாத்துக் குடுத்தா தப்பாது’ என்று ஒரு பேச்சு பரவியிருந்தது.

அந்தப் பேச்சு கண்ணமங்கலத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

சித்திரைக் கடைசியில் ஒரு காலைப்பொழுது, வெள்ளைக் கார் ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. இறங்கினவர் வேட்டி நுனியை இடதுகையால் தூக்கிப் பிடித்தபடி இறங்கின தினுசிலேயே அமுதவல்லிக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவும் அப்படித்தான் இறங்குவார். பின்னாலேயே அண்ணி சகுந்தலா, கையில் மஞ்சள் தடவின பத்திரிகைக் கட்டு.

“வாங்க” என்றாள் அமுதவல்லி.

பிறந்ததிலிருந்து அண்ணனை ‘வா, போ’ என்றுதான் பேசியிருக்கிறாள். இந்த ‘வாங்க’ கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிற ‘வாங்க’. சிங்காரத்தின் முகத்தில் அது சுள்ளென்று பட்டது தெரிந்தது.

“நல்லா கீறியா அமுதா?” என்றாள் சகுந்தலா.

“கீறேன் அண்ணி.”

மூலையில் நோய்த் தொட்டியோடு உட்கார்ந்திருந்த தீர்த்தகிரி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, உக்காருங்க” என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். நாற்காலி தானாக நடந்து வந்தது போலச் சிங்காரம் அதில் உட்கார்ந்தார். போட்ட ஆளைப் பார்க்கவில்லை.

“புதுசா வூடு கட்டிக்கீறேன். வைகாசி பன்னெண்டு கிரகப்பிரவேசம்” என்று தொட்டிகளைப் பார்த்தே பேசினார். “வாஸ்து பாக்கறவரு ஈசானி மூலையில இந்த மீனு வைக்கச் சொன்னாரு. கலப்பில்லாத சாதி மீனா இருக்கணுமாம். எங்க விசாரிச்சாலும் உன் கடையத்தான் சொல்றாங்க.”

“அப்போ மீனுக்குத்தான் வந்தீங்க.”

“அதில்லம்மா” என்று சகுந்தலா அவசரமாக உள்ளே புகுந்தாள். “பத்திரிகையும் எடுத்தாந்தோம். புது வூட்டுல பால் காய்ச்ச கூடப் பொறந்தவ வேணாமா? அவருக்கு உன்ன வுட்டா யாரு கீறாங்க?”

புது அடுப்பு, புதுப் பானை, பால் பொங்கி வழிகிறது, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள், நடுவில் தான். இந்தக் காட்சியை அமுதவல்லி எத்தனை தடவை மனசுக்குள் பார்த்திருப்பாள் என்று கணக்கே கிடையாது.

பின்கட்டிலிருந்து கீதாஞ்சலி ஃபில்டர் பஞ்சைப் பிழிந்துகொண்டே வந்தாள். வேலூரில் லேப் டெக்னீஷியன் படிக்கிற பெண், லீவுக்கு வந்திருந்தாள். அம்மா ஜாடை அப்படியே. “யாரும்மா?” என்றாள்.

“உன் மாமா.”

“வணக்கம் மாமா” என்று ஈரக் கையைக் கூப்பினாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தாய்மாமனைப் பார்க்கிறாள்.

சிங்காரம் அவளுக்குப் பின்னால் இருந்த தொட்டியைக் காட்டி, “அது இன்னா வெல?” என்றார்.

கோபம் வந்தால் அமுதவல்லிக்குக் குரல் தணியும். அந்தக் கோடித் தொட்டியிடம் போனாள். கடையிலேயே உயர்ந்த மீன் அது, கீதாஞ்சலி குஞ்சிலிருந்து வளர்த்தது. விற்பதற்கு இல்லை என்று எழுதி ஒட்டியிருந்தது. “வாங்க, பாருங்க” என்று அண்ணனைக் கிட்டே கூப்பிட்டாள். மேலே இருந்து எட்டிப் பார்க்கச் சொன்னாள். மண்டை நடுவாக ஏறியிருப்பதைக் காட்டினாள். முத்து நெற்றிக்குமேல் ஏறியிருப்பதைக் காட்டினாள். பக்கத்து வரி செவுளிலிருந்து வால்வரை அறுபடாமல் வருவதை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அது ஒரே பாய்ச்சலில் வந்து கவ்வியது. “நெறமும் உண்டு, ரோஷமும் உண்டு. இதுக்குமேல ஒரு மீன்ல பாக்க ஒண்ணும் இல்ல.”

“அப்போ இது சாதிதானே?”

“இல்லண்ணா. நாலஞ்சு மீனு கலந்து வந்தது. இந்தக் கடையில எல்லாமே அப்டித்தான். ஒலகம் பூரா அப்டித்தான்.”

“கலப்புன்னா வூட்டுக்கு ஆகாதும்மா” என்றாள் சகுந்தலா. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொன்னபோது கீதாஞ்சலி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பஞ்சிலிருந்து சொட்டின தண்ணீர் அவள் காலடியில் தேங்கியிருந்தது.

சிங்காரம் குரலைத் தாழ்த்தினார். “சரி வுடு. அத்த யாரு வந்து பாக்கப் போறாங்க. கலப்பில்லாத சாதி மீனுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு. வாஸ்துக்காரருக்குக் காட்டிக்கறேன். உன் பேச்சுக்குத்தான் மதிப்பு கீதே.” பத்திரிகையை எடுத்து நீட்டினார். மேலே பேனாவால் ‘அமுதவல்லி’ என்று மட்டும் எழுதியிருந்தது. “நீ மட்டும் வெள்ளன வந்துடு. பாலக் காய்ச்சிட்டு, சாப்ட்டுட்டு, மத்தியானம் கெளம்பு. கார் வச்சு அனுப்பறேன். நாலு பேரு வர்ற எடம், புரிஞ்சிக்கோ.”

அமுதவல்லி பத்திரிகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தராசுத் தட்டின்மேல் இருந்த அந்த விரல் ஞாபகம் வந்தது.

தீர்த்தகிரிதான் முதலில் பேசினார். “போய்ட்டு வா அமுதா. எனக்கு ஒண்ணியும் இல்ல. எத்தினி வருசமா ஏங்கிக்கினு கீற. ஒரு நாளுதானே, போய்ட்டு வா.”

“நீங்க சும்மா இருங்க.”

தொட்டிகளில் தேதி எழுதுகிற பேனாவை எடுத்தாள். பத்திரிகையில் தன் பெயருக்குமேலே ‘திரு. தீர்த்தகிரி’ என்று எழுதினாள். கீழே ‘கீதாஞ்சலி’ என்று எழுதினாள். அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“இத்த அவரு கைல குடுண்ணா. ‘மச்சான், வூட்டுக்கு வாங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லு. மீனு சும்மாவே எடுத்துக்கினு போ, காசு வேணாம். நாங்க மூணு பேரும் வர்றோம். நானே பாலு காய்ச்சறேன். ஆனா பொய்ச் சீட்டு எழுதித் தர மாட்டேன். கலப்பு மீனுதான்னு சொல்லித்தான் எடுத்துக்கினு போகணும்.”

சிங்காரம் எழுந்து நின்றார். எதிரே இரண்டு முழ தூரத்தில் தீர்த்தகிரி நின்றார். பத்திரிகையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் முன்னே வந்ததா இல்லையா என்று இன்றைக்கும் அமுதவல்லிக்குச் சந்தேகம். உதடு அசைந்தது மட்டும் நிஜம். சொல் வரவில்லை. பத்திரிகையை அந்தத் தொட்டியின் மூடிமேல் வைத்தார்.

“இருவத்தோரு வருசமாயும் உனுக்கு இந்த மண்டைக்கனம் போகல” என்றார்.

“இந்தக் கடையில அதுக்குத்தாண்ணா வெல.”

கார் போன பிறகு, ஏற்கெனவே கழுவியிருந்த தொட்டியை இறக்கி மறுபடி கழுவினாள். பின்கட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதாள். சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டாள். போயிருக்கலாம், ஒரு நாள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. நன்றாகவே தோன்றியது. முகம் கழுவிக்கொண்டு வந்தபோது கீதாஞ்சலி அந்தப் பத்திரிகையைக் கிழிக்கப் போனாள். “வையி, அதுல ஃபோன் நம்பர் கீது” என்று சொல்ல வந்தவள், “இருக்கட்டும், என் கையெழுத்து நல்லா வந்துக்கீது” என்று சொல்லி வாங்கிப் பத்திரப்படுத்தினாள்.

வைகாசி பன்னிரண்டாம் தேதி விடிந்ததும் வழக்கம்போல டீக்குப் பால் காய்ச்சினாள். பொங்கி வந்தபோது அடுப்பை அணைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வழிந்தது. முதல் டம்ளரைத் தீர்த்தகிரியிடம் கொடுத்துவிட்டு அடுப்பைத் துடைத்தாள். அன்றைக்குக் கடையில் மூன்று மீன் விற்றது. ஒரிஜினல் கேட்டு வந்த இரண்டு பேர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஆவணி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தை நாள் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கடைக்கு எதிரிலேயே புது டவர் போட்டிருந்ததால் இப்போதெல்லாம் ஃபோன் கடைக்குள்ளேயே அடிக்கிறது. எடுத்தாள்.

“அமுதா… நான்தான்.”

“சொல்லுங்க.”

அந்தப் பக்கம் சிங்காரம் தொண்டையைச் செருமினார். “மீனு ஒண்ணு கீழயே வாங்கினோம். கலப்பே இல்ல, ஒரிஜினல்னு எழுதியே குடுத்தான். செவசெவன்னுதான் இருந்துச்சு. மூணே மாசத்துல நெறம் பூரா போயி சாம்பலா பூட்டுது. மண்டையும் வத்திப் போச்சு. ரெண்டு நாளா ஒருக்களிச்சுப் படுத்துக்கினு கீது. தீனி எடுக்கல. வாஸ்து மீனு செத்தா வூட்டுக்கு ஆகாதுன்னு உங்க அண்ணி அழுவறா, அவளும் சோறு எடுக்கல. நானும்தான்.”

சிரித்திருக்கலாம். சிரிப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் மூச்சுத் திணறும் மீன் ஒன்று அவள் கண்ணுக்குமுன் வந்துவிட்டது. “பேதி எப்டி போகுது? வெள்ளையா நூலாட்டமா?” என்று கேட்டாள்.

“ஆமா. ஆமா, அப்டித்தான்.”

“செவுளு வேகமா அடிக்குதா? கண்ணு தெளிவா கீதா?”

“கண்ணு தெளிவா கீது. நான் போனா பாக்குது.”

மருந்து போட்டு ஏற்றின மீன். நிறம் இனி வராது. ஆனால் கண் தெளிவாக இருந்தால் உயிர் தங்கும். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கே தெரியும். வெந்நீர் பாட்டில், அளவாக உப்பு, நாலு நாள் பட்டினி. இத்தனை வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்குத் தெரியாதா.

“பொழைக்கும்” என்றாள். “ஆனா மீனப் பாக்கறதுதான் என் வேல. பொழைக்க வைக்கறவரு அவரு. அவர்கிட்டயே கேளு.”

ஸ்பீக்கரை அழுத்தி, ஃபோனைத் தீர்த்தகிரி முன்னால் நீட்டினாள். அவர் நோய்த் தொட்டிக்குள் கையை விட்டிருந்தார். அந்தக் கையை எடுத்துச் சட்டையில் துடைத்தார். தொட்டிகளில் காற்று மோட்டார் குமிழி விடுகிற சத்தம்தான் கேட்டது. மனுஷனுக்கு மனசு தாங்கவில்லை, கேட்காமலேயே வைத்தியம் சொல்லிவிட வாயைத் திறந்தார். அமுதவல்லி வாய்மேல் விரலை வைத்துக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டார்.

ரொம்ப நேரம் போனது. எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்.

“மச்சான்” என்று ஃபோனிலிருந்து வந்தது. சின்னதாக, தேய்ந்துபோய். “இன்னா பண்ணணும்னு சொல்லுங்க மச்சான்.”

தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அமுதவல்லிக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, துடைக்கவில்லை. ஃபோனைத் திருப்பிப் பார்த்தாள். டவர் கோடு நாலும் முழுசாக நின்றிருந்தது.

“சரியா கேக்கலண்ணா” என்றாள். “மலமேல டவர் கெடைக்கறதில்ல. இன்னொரு வாட்டி சொல்லு, கொஞ்சம் சத்தமா.”